தண்ணீர் கேட்காத செடிகள்

1

நோர்வே மொழியில் தாகத்துக்கு 'தொர்ஸ்ட்' என்பார்கள். ஆறுதலுக்கு 'த்ரொஸ்ட்'. பாதி வாழ்நாளுக்கு மேல் இந்த நாட்டில் கழித்துவிட்டேன். இருந்தும் அவசரத்தில் எனக்கு இரண்டும் இடம் மாறிவிடும். போன ஜனவரியில் பேர்கன் நகரத்துச் செடிக்கடை ஒன்றில் அப்படித்தான் மாறிப்போனது.

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. மேல்கோட்டுக்குள் ஒரு சின்னச் செடிச்சட்டியை அணைத்துப் பிடித்தபடி கடைக்குள் போனேன். ரோசாப்பூ விரிந்த மாதிரி அடுக்கடுக்காகச் சதைப்பற்றான இலைகள் உள்ள செடி அது. இலைகளெல்லாம் மஞ்சளாகி, கண்ணாடி போலத் தெரிய ஆரம்பித்திருந்தன. கடைப் பெண்ணிடம் அதை நீட்டி, இதற்குத் தாகமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "என் செடிக்கு ஆறுதல் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. செடியின் அடியை விரலால் மெல்ல அழுத்தினாள். தண்ணீர் கசிந்தது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். தினமும் காலையில் என்றேன். இது தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜாதி, குளிர்காலத்தில் தூங்கும், தூங்குகிறவருக்கு யாராவது சாப்பாடு ஊட்டுவார்களா என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு, செடி யாருடையது என்று விசாரித்தாள். என் மனைவியுடையது என்றேன். "அப்படியானால் அவரிடமே கேட்கலாமே" என்றாள். சட்டியைத் திரும்ப வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றேன்.

ரீட்டா இறந்தது அதற்கு முந்தைய மே மாதம். காலையில் எழுந்து தேத்தண்ணி போட்டவள் கதிரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், நெஞ்சு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் வரிசையாக அவளுடைய செடிகள் இருந்தன. அவள் இருந்த காலத்தில் நான் அவற்றைத் தொட்டதே இல்லை. அவள் போனபின் இங்குள்ள தமிழ்ச் சனம் வந்து எனக்குச் சாப்பாடு கொடுத்தது. நான் செடிகளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கோடை முழுக்க அவை எப்படியோ தாங்கிக்கொண்டன. இருட்டுக் காலம் வந்ததும் ஒவ்வொன்றாக அழுக ஆரம்பித்தன.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். பெயர் சவரிமுத்து. பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில். அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார், அம்மா கொழுந்து எடுத்தார். ரீட்டா பதுளை டவுன்காரி. அவள் அப்பா பேக்கரி ஒன்றில் பாண் போடுகிறவர். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு நான் வெளிநாட்டுக்கு வந்து, பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலையில் சேர்ந்து, விசா சரியான பின் கல்யாணம் பேசி அவளை அழைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் காற்றும் மூடுபனியும். கீழே தெற்கே பார்த்தால் சமவெளி கடல் போல விரிந்து கிடக்கும், அடுத்த நிமிடம் ஒன்றுமே தெரியாது. பதுளை அப்படியில்லை. மலைகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கும் ஊர். வெயில் வந்தால் நின்று அடிக்கும். கல்யாணமான புதிதில் நாங்கள் இதைச் சொல்லியே சண்டை போடுவோம். உங்க ஊர்ல துணி காயவே காயாது என்பாள் அவள். உங்க ஊர்ல மனுஷனே காஞ்சு போயிருவான் என்பேன் நான்.

பேர்கனில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. லயத்துத் தகரத்தில் பெய்த மழைதானே, இங்கே ஓட்டில் பெய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ரீட்டாவால் முடியவில்லை. அவள் வந்த முதல் குளிர்காலத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுவதற்குள் இருட்டிவிடுவதைப் பார்த்துப் பயந்துபோனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அழுதாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். ஊர்ப் பேச்சை எடுத்தால் அழுகை கூடியது. அதனால் நான் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்தினேன். இந்த ஊர்தான் நமக்குச் சரி, இங்கே என்ன குறை என்று அவளிடமும் சொன்னேன், தொலைபேசியில் மற்றவர்களிடமும் அவள் காதில் விழும்படி சொன்னேன்.

மார்ச் மாதம் சூப்பர்மார்க்கட்டில் பாதி விலைக்கு ஒதுக்கி வைத்த செடிகளுக்கு நடுவில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வாடிப்போய், ஒரு பக்க இலையெல்லாம் உதிர்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்து, "ஐயோ, கல்ரோசா" என்றாள். பதுளையில் அவர்கள் வீட்டுச் சீமெந்துப் படியில் பால்மா டின்களில் இது இருந்ததாம். வெயிலில் போட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம், அது பாட்டுக்குக் குட்டி போட்டுப் பெருகுமாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, உதிர்ந்த இலைகளைக்கூட வீசாமல் ஒரு தட்டில் காய்ந்த மண்மேல் அடுக்கினாள். கொஞ்ச நாளில் ஒவ்வொரு இலையின் அடியிலும் இளஞ்சிவப்பில் மயிர் மாதிரி வேர் விட்டது. பிறகு கடுகளவில் ஒரு ரோசா. அதைக் காட்ட என்னைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் இந்த நாட்டில் முதன்முதலாகச் சிரித்த நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்த ஜன்னல் அவளுடையதாகிவிட்டது. வெயில் சாய்வதற்கு ஏற்ப வாராவாரம் சட்டிகளைத் திருப்பி வைப்பாள். வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி பிடித்தால் ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் இலை இலையாகத் துடைப்பாள். நான் அவள் முதுகுப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். செடியைப் பற்றி நான் ஏதும் கேட்டதில்லை; அவளும் சொன்னதில்லை. அந்த நேரத்து அமைதி எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

3

இங்கே தமிழர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். நல்ல மனிதர்கள். ரீட்டா இறந்தபோது சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆரம்ப காலத்தில் தமிழ்ச் சங்கத்து ஒன்றுகூடலில் நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவிலயிருந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். இல்லை, பதுளை என்பேன். பதுளையில் தமிழர் இருக்கினமோ என்று சிலர் உண்மையாகவே ஆச்சரியப்படுவார்கள். இருநூறு வருடமாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பேன்.

எங்கள் மகள் அனிதாவைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். அங்கே பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டபோது ரீட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் ஆயிற்று. பிறகு அதுவும் குறைந்தது. அனிதா வளர வளர, நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். படித்து ஒஸ்லோவில் பிசியோதெரபி வேலைக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் மிச்சம். அதிலும் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் என்ன மொழி ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரீட்டாவின் நோர்வே மொழி என்னுடையதைவிட மோசம். ஆனாலும் இருவரும் நீண்ட நேரம் பேசுவார்கள்.

ரீட்டா போனபின் அந்தப் போனை நானே பேச வேண்டியதாயிற்று. சாப்பிட்டீங்களா என்று அனிதா கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன். மழையா என்பாள், மழை என்பேன். பிறகு இருவரும் மற்றவர் வைப்பதற்காகக் காத்திருப்போம். ஒருநாள், இந்த வீட்டை விற்றுவிட்டு ஒஸ்லோவுக்கு வந்துவிடுங்கள், என் வீட்டுக்குப் பக்கத்தில் பார்க்கிறேன் என்றாள். அம்மாவின் செடிகள் என்றேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அலுவலக அலைச்சல் வேறு. ரீட்டாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. அவள் அப்பா பெயர் சூசை. அதை இங்கிலீஷில் எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், இந்த மூன்று பேருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று. மூன்றும் ஒருத்திதான், அவள் என் மனைவி என்று விளக்கினேன். அப்படியானால் இறந்தது யார் என்றார். பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

4

செடிக்கடையிலிருந்து வந்த அன்றுதான் லில்லியைப் போனில் கூப்பிட்டேன். லில்லி ரீட்டாவின் தங்கை. பதுளையில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் தெருவில் வீடு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறாள். அவள் புருஷன் காலமாகிப் பல வருடம். வீடியோவில் அழுகிய செடியைக் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"மொதல்ல தண்ணி ஊத்துறத நிப்பாட்டுங்க மச்சான்" என்றாள். "அழுகுன எடத்துக்கு மேல நல்லா இருக்குற தண்டா பாத்து வெட்டுங்க. வெட்டுன ஒடனே நடாதீங்க. புண்ணு காயணும்ல. ஒரு வாரம் போல காத்துல போட்டு வைங்க. அப்பறம்தான் மண்ணு."

அன்று லில்லி போனில் பார்த்துக்கொண்டிருக்க, ரீட்டாவின் சமையல் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டிய இடம் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் பிழைக்கும், பழுப்பாக வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். சிலவற்றில் வெட்டி வெட்டிக் கடைசியில் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பிழைத்தவற்றின் தலைகளைப் பேப்பர்மேல் வரிசையாக வைத்தேன். மண்ணையும் மாற்றச் சொன்னாள். அவள் ஆற்று மணலும் செங்கல் நொறுக்கும் கலப்பாளாம். இங்கே கடையில் சரளை வாங்கிக் கலந்தேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் பேசினோம். முதலில் செடிக் கதை. எது வேர் விட்டது, எது இன்னும் யோசிக்கிறது என்று. பிறகு ஊர்க் கதை. பஸ் ஸ்டாண்டில் சனம், மரக்கறி விலை, நமுனுகுல மலையில் மூன்று நாளாக முகில் விலகவில்லை, லுணுகலைப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டார்கள். அவள் பேசும்போது பின்னால் தெருவில் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு கேட்கும். நான் காலண்டரைப் பார்த்து அந்த நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், மே மாதம் அக்காவின் ஆண்டுப் பூசைக்கு வருகிறீர்களா, வந்தால் பின் அறை சும்மாதான் இருக்கிறது என்றாள். வாடகைக்கு விடாமல் ஏன் சும்மா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா ஒங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

எதை என்றேன்.

"ஒங்களுக்கு பென்சன் ஆனதும் ரெண்டு பேரும் இங்க வந்து இருக்கலாம்னு அக்காவுக்கு ஆச. அந்த அறைய யாருக்கும் குடுத்துறாத, வெயில் விழுகுற எடம்னு சொல்லிக்கிட்டே இருக்கும். எப்ப பேசுனாலும் அதுதான்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு அந்த ஊரு புடிச்சுப் போச்சு, மனசு கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுச்சு. அவரு இங்கதான் சந்தோசமா இருக்காரு, நான் எப்படிக் கூப்புடுறதுன்னு கேக்கும்."

நான் போனை மேசைமேல் வைத்தேன். லில்லி மச்சான், மச்சான் என்று கூப்பிடுவது கேட்டது. நான் பேர்கனைப் புகழ்ந்ததெல்லாம் அவள் அழாமல் இருக்கட்டும் என்று. அதை நம்பி, அவள் தன் ஆசையை எனக்காக மூடி வைத்தாள். டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து சேற்றைத் தேய்க்கும்போதெல்லாம் நான் ஹல்துமுல்லை ரோட்டில்தான் நடந்துகொண்டிருந்தேன். அவளோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பதுளை வெயிலில் நின்றிருக்கிறாள். ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத் தனித்தனியாகப் போய்வந்திருக்கிறோம்.

5

இதில் கொடுமை என்னவென்றால், இப்போது என்னால் போக முடியாது. ரீட்டா இங்கே புதைக்கப்பட்டிருக்கிறாள். அவள் ஊருக்கு வர ஆசைப்பட்டது தெரிந்திருந்தால் உடலையாவது கொண்டுபோயிருப்பேனோ என்னவோ. அவளை இந்த மழைக்குள் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் அந்த வெயிலுக்குப் போவதா? அந்த நினைப்பு வந்ததும் மற்ற எல்லாக் கணக்கும் நின்றுவிடும்.

ஏப்ரலில் கல் வைத்த பிறகு கல்லறைத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். கல்லுக்கு முன்னால் செடி நட ஒரு அளவு இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது, கம்பி வேலி கூடாது, புல் வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் கூடாது என்று அங்கிருந்த பெண் விளக்கினார். என் மனைவி சதைப்பற்றுச் செடிகள் வளர்த்தவர், அவற்றில் ஏதாவது வெளியே நிற்குமா என்று கேட்டேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் தவறவில்லை. அவர் யோசித்து, இந்த நாட்டுப் பழைய வீடுகளின் கூரையிலேயே வளரும் ஒன்று இருக்கிறது, பனியில் புதைந்தாலும் சாகாது என்றார். வாங்கிப் பார்த்தேன். அச்சு அசல் கல்ரோசா, நுனி மட்டும் கூர்மை. பதுளை வெயிலுக்குப் பிறந்த மாதிரி இருந்தது, ஆனால் பனிக்காரச் செடி. நான்கைந்து வாங்கி, மழையில் முழங்காலிட்டு நட்டேன்.

6

ஆண்டுப் பூசைக்குப் போகிறேன் என்று அனிதாவிடம் சொன்னதும், நானும் வருகிறேன் என்றாள். எதிர்பார்க்கவில்லை. சின்ன வயதில் ஒரு தடவை ஊருக்கு வந்தவள்தான். பிழைத்த செடிகளில் ஒன்றை லில்லிக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். அனிதா விசாரித்துவிட்டு, செடிக்குச் சுகாதாரச் சான்று வேண்டும், அங்கே இறக்குமதி அனுமதி வேண்டும், கைப்பையில் ஒளித்துக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள் என்றாள். அவை இங்கேயே நின்றன.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நானும் என் மகளும் வெளிநாட்டவர் வரிசையில் நின்றோம். அதிகாரி என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, ஹல்துமுல்லைதானே என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய ஊர் பண்டாரவளையாம். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஆனாலும் அந்த வரிசை வெளிநாட்டவர் வரிசைதான்.

ரயில் கடைசியாக நிற்கும் ஊர் பதுளை. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. இறங்கியதும் சூடு முகத்தில் அடித்தது. லில்லி குடையோடு நின்றாள். அனிதாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். ரீட்டாவின் தாடையும் மூக்கும் இவளுக்கு. "நான் அனிதா, சித்தி. எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றாள் பிள்ளை, பாடம் ஒப்பிப்பது போல. லில்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. "இது என்ன, யாழ்ப்பாணத்துலேருந்தா வருது புள்ள?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பின் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை. கதவைத் திறந்தால் சீமெந்து போட்ட சின்ன வாசல், அதில் பகல் முழுக்க வெயில். சுவரோரமாகப் பழைய பெயின்ட் டின்களிலும் உடைந்த வாளியிலும் செடிகள். இங்கே என் ஜன்னலில் உள்ளங்கை அளவில் இருந்தவை அங்கே பூசணிக்காய் அளவில் நின்றன. அனிதா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றைக் காட்டி, இது அம்மாவிடம் இருந்தது என்றாள். இன்னொன்றைக் காட்டி, இதற்குத் தண்ணீர் கேட்கவே தெரியாது என்று அம்மா சொல்வார் என்றாள். எனக்கு அது புதிது. என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாதவள், மகளிடம் போனில் செடிகளைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வளவு நேரம் ஓடியது இதுதான். அப்படியானால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "எனக்கு அதுகளைப் பாக்கேலாது அப்பா" என்றாள். அவளுக்கு அந்தச் செடிகளைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அவற்றை விட முடியவில்லை. இரண்டும் ஒரே துக்கம் என்று அப்போதுதான் விளங்கியது.

பூசைக்கு அனிதா அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டாள். லில்லிதான் கட்டிவிட்டாள். ஃபாதர், 'ரீட்டா சூசை' என்று அவள் பெயரைத் தெளிவாக வாசித்தார். கோயிலில் இருந்த கிழவிகளுக்கு பேக்கரிச் சூசையின் மகளை நினைவிருந்தது. இந்த ஊரில் அவள் யார் என்று யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஹல்துமுல்லைக்குப் போனோம். நான் பிறந்த லயத்தில் இப்போது வேறு குடும்பம். அந்த வீட்டுப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். தோட்டத்தில் பாதி காடாகிவிட்டது என்றார். அவருடைய மூத்த மகள் கட்டாரில் வீட்டு வேலையில் இருக்கிறாளாம். அங்க வெயில் எப்படிங்க, தாங்குமா என்று என்னிடம் கேட்டார். நான் இருப்பது வேறு நாடு என்று சொல்லவில்லை. தாங்கும், பழகிப்போகும் என்றேன். அவர் அதைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டார்.

திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பின் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேயே கண் அசந்துவிடுவது பழக்கமாகியிருந்தது. விழித்தபோது அனிதா எதிரில் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் போல நோர்வே மொழியில் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொற்களைத் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"நீங்கள் இஞ்ச நல்லா நித்திரை கொள்ளுறீங்கள் அப்பா."

ஆமாம் என்றேன்.

"பென்சன் வந்தாப் பிறகு இஞ்ச வந்து இருங்கோ. சித்தி எனக்குச் சொன்னவ. அம்மாவுக்கும் விருப்பமாம்."

அம்மா அங்கேதானே இருக்கிறாள் என்றேன்.

"அம்மாவை நான் பாக்கிறன்" என்றாள். "நானும் அவவின்ர பிள்ளைதானே."

லில்லியின் தையல் இயந்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பவும் ஓட ஆரம்பித்தது.

7

ஒரேயடியாகப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலம் முழுக்கப் பதுளை, கோடைக்கு இங்கே என்று முடிவு செய்தோம். ஆகஸ்டில் பென்சன் ஆனது, டிப்போவில் எனக்குக் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். செப்டம்பரில் அனிதா வந்து ஜன்னல் செடிகளைப் பெட்டிகளில் அடுக்கி ஒஸ்லோவுக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றும்போது முகத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை. வெறும் ஜன்னலில் சட்டிகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகு தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

இதை நான் எழுதுவது அக்டோபரில், கிளம்புவதற்கு முன். நேற்று அனிதா ஒஸ்லோவிலிருந்து ரயில் ஏறி வந்தாள். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பிர்ச் மரத்து இலைகள் கல்லின் முன்னால் மஞ்சளாக ஒட்டிக் கிடந்தன. நான் குனியப் போனேன். விடுங்கோ அப்பா என்று சொல்லிவிட்டு அவள் கையுறையைக் கழற்றி முழங்காலிட்டாள். செடிகளுக்கு நடுவே சிக்கியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் ஏதோ பேச ஆரம்பித்தாள். பாதி நோர்வே, பாதி தமிழ். என்னிடம் என்று நினைத்து நான் குனிந்தேன். என்னிடம் இல்லை. வேலையில் யாரோ ஒரு நோயாளி, ஒஸ்லோ வீட்டில் எந்தப் பக்கம் வெயில் வருகிறது, எந்தச் செடியை எங்கே வைத்திருக்கிறாள் என்று, ஞாயிற்றுக்கிழமைப் போனில் பேசுவது போலப் பேசிக்கொண்டே போனாள்.

அவளுக்கு நான் நிற்பது தெரியவில்லை. குடையை விரித்து அவள் தலைக்கு மேல் வரும்படி கல்லில் சாய்த்து வைத்தேன். பிறகு அம்மாவையும் மகளையும் அங்கே பேச விட்டுவிட்டு, நனைந்துகொண்டே வாசலைப் பார்த்து நடந்தேன்.